குளத்தங்கரை வீடு வாங்கப் போறோம், தண்ணி ஆழத்தை எப்படிப் பாக்கது?

கருக்கல் கேட்டது:

அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டைக்குத் தெக்க ஒரு குளத்தை ஒட்டிக் கட்டுன வீடு வெலைக்கு வருது. 11 சென்ட். கரைக்கு வெளிய இல்ல, உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணி நிக்குற பக்கம். பின்வாசல் படி எறங்குனா குளம்தான். இப்ப மாசி கடைசியில பின்சுவர்ல இருந்து 60 அடி தள்ளித் தண்ணி நிக்குது. புரோக்கர் "எப்பவும் இடுப்பளவுதான், பிள்ளைக குளிக்கலாம்"னு சொல்லுதாரு. தாமிரபரணியில இருந்து வர்ற பாளையங்கால் வாய்க்கால் வரத்து உள்ள குளம். பின்முத்தத்துத் தரையை விட வீட்டுத் தளம் 2 அடி ஒசரம். ஆழத்தை நாமளே அளக்க வழி இருக்கா? குளம் பெருகுனா வீட்டுக்குள்ள வருமான்னு இப்பவே கணக்குப் போட முடியுமா?

மறுகால்:

இடுப்பளவுன்னா எந்த மாசத்து இடுப்பளவு? பிசானம் நெல் அறுப்பு முடியுற நேரத்துல எந்தக் குளமும் சாதுவாத்தான் தெரியும். மறுகால் (குளம் நெறைஞ்சா உபரித் தண்ணி வழியுற எடம்) மட்டத்தோட சேத்துச் சொல்லாத ஆழக்கணக்கு எதுக்கும் உதவாது.

மட்டத்தைக் கொண்டுவர கருவியே வேண்டாம், குளத்துத் தண்ணியே போதும். காத்து கிளம்புறதுக்கு முன்னால காலையில மறுகாலுக்குப் போங்க. மறுகால் சுவரோட மேல்மட்டத்துல இருந்து தண்ணி எவ்வளவு கீழ இருக்குன்னு டேப் போட்டு எழுதிக்கிடுங்க. அதே மணிக்குள்ள வீட்டுப் பின்னால வந்து, தண்ணி விளிம்புல ஒரு கம்பை நட்டு, தண்ணிக்கு மேல அதே அளவு உயரத்துல கோடு போடுங்க. அதுதான் குளத்தோட முழு நீர்மட்டம். நிக்கிற தண்ணி ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்தான, அதனால அரை மைல் தூரம்னாலும் கவலையில்ல. மறுகால் பாயும்போதோ, வாய்க்கால்ல இருந்து பலமா வரத்து இருக்கும்போதோ மட்டும் இதைச் செய்யாதீங்க. வழியுற எடத்துல தண்ணி கொஞ்சம் தாழ்ந்து நிக்கும், கணக்கு பெசகிரும்.

கம்புல இருந்து பின்முத்தத்துக்கும் தளத்துக்கும் மட்டத்தைக் கடத்த, கொத்தனாருங்க வச்சிருக்க டியூப் மட்டம் (தண்ணி நிரப்புன பிளாஸ்டிக் குழாய்) போதும். குழாய்க்குள்ள ஒரு காத்துக்குமிழி நின்னாலும் ஒரு முனை பொய் சொல்லும். வாளியில இருந்து மெதுவா நிரப்பி, ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒண்ணா நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் இழுங்க. 60 அடிக்கு நாலஞ்சு தடவை நகத்தணும்னாலும் பரவாயில்ல, ஒவ்வொரு எடத்துலயும் ஆணி அடிச்சுக் குறிச்சுக்கிடுங்க.

இன்னொண்ணு. மறுகால் சுவர் மேல வரிசையாக் குத்துக்கல் நட்டிருக்கான்னு பாருங்க. அதுக்கு இடையில பலகையோ மண்மூட்டையோ வச்சு அடைச்சுத் தண்ணியை ஏத்துற பழக்கம் இருந்தா, அடைப்போட உயரத்தையும் சேத்துத்தான் முழு மட்டம்னு எடுக்கணும்.

மட்டப்பலகை:

ஆழம் அளக்குறதுக்கு நைலான் கயிறு வேண்டாம், இழுத்தா நீளும். ஒன்றேகால் அங்குல பிவிசி பைப் 12 அடிக்கு எடுத்து, அரை அடிக்கு ஒரு பெயின்ட் கோடு போடுங்க. கவனிக்க வேண்டியது அடி முனைதான். வெறும் பைப்பை விட்டா அது சேத்துக்குள்ள சொருகிக்கிட்டுப் போகும். 6 அடின்னு எழுதுவீங்க, அதுல 2 அடி சேறா இருக்கும். அதனால முனையில ஒரு எவர்சில்வர் தட்டைக் கட்டி ஒரு தடவை, தட்டைக் கழட்டிட்டு அமுக்கி ஒரு தடவைன்னு அளந்து பாருங்க. முதல் அளவு தண்ணி, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சேறு. சேறு ஒரு அடியைத் தாண்டுனா குளிக்க ஆகாத எடம், கால் புதையும்.

பின்வாசலுக்கு நேரா 10 அடிக்கு ஒரு அளவு, 100 அடி வரைக்கும். அதுக்கு எடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை. கிடைச்ச ஆழத்தோட, மறுகால் மட்டத்துக்கு அன்னைக்கு எவ்வளவு குறையுதோ அதைக் கூட்டுங்க. அதுதான் குளம் பெருகி நிக்கும்போது உள்ள ஆழம். இன்னைக்கு இடுப்பளவு 3 அடி, குறைவு 3 அடின்னா, கார்த்திகையில அதே எடத்துல 6 அடி.

மூணு வரிசை எதுக்குன்னா, வண்டல் எடுத்த குழிக்காக. ஜேசிபி வெட்டுன குழிக்குச் சரிவு கிடையாது, நெட்டுக்குத்தா எறங்கும். முழங்கால் தண்ணியில நடந்துக்கிட்டிருக்கும்போதே அடுத்த எட்டுல ஆள் மூழ்குற குழி வரும். அதனால நீங்க நடந்து அளக்காதீங்க. மீன் குத்தகைக்காரங்க பரிசல்லயோ டியூப்லயோ போவாங்க, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு அவங்களோட போங்க. வலை எங்க அடிதொடாது, எங்க சிக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

பாளையங்கால் ஊருக்குள்ள வந்த பிறகு சாக்கடையும் சேந்துக்கிடுது. ஆழம் சரியா இருந்தாலும் பிள்ளைக குளிக்கிறதை மறந்துருங்க.

கருக்கல்:

மறுகால் அண்ணாச்சி சொன்னபடி பாத்தாச்சு. மறுகாலுக்கு 3¼ அடி கீழ தண்ணி. பின்முத்தத் தரை தண்ணிக்கு 4 அடி மேல. மறுகால் நீளத்துல பாதிக்கு மேல வேலிக்கருவையும் ஆகாயத்தாமரையும் அடைச்சுக் கெடக்கு. 2023 மார்கழி வெள்ளத்துல வீட்டுக்குள்ள வரலைன்னு சொல்லுதாங்க.

மறுகால்:

அப்ப முழு நீர்மட்டத்துக்கு மேல பின்முத்தம் 9 அங்குலம், தளம் 2 அடி 9 அங்குலம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வெள்ளத்துல குளம் மறுகால் மட்டத்தோட நிக்காது, அதுக்கு மேல ஏறித்தான் வழியும். 100 அடி மறுகால் மேல 1 அடி ஒசரம் வழிஞ்சா செகண்டுக்கு ஏறத்தாழ 300 கன அடி போகும், 2 அடி வழிஞ்சா 850. பெருவெள்ளத்துக்கு 2 அடின்னு வைங்க. பின்முத்தத்துல ஒண்ணேகால் அடி தண்ணி நிக்கும், தளம் 9 அங்குலத்துல தப்பிக்கும்.

இப்ப பாதி மறுகால் அடைச்சிருக்குன்னு சொல்லுதீங்க. அதே தண்ணி பாதி நீளத்துல வெளியேறணும்னா 2 அடி போதாது, 3 அடி 2 அங்குலம் ஏறணும். தளத்துக்கு மேல 5 அங்குலம். கட்டிலும் பீரோ காலும் தண்ணியில. இதுக்கு மேல, மேல்குளம் ஏதாவது உடைஞ்சு வந்தா எந்தக் கணக்கும் நிக்காது. 2023 டிசம்பர் 17, 18ல நெல்லை, தூத்துக்குடி ரெண்டு மாவட்டத்துலயும் குளங்க உடைஞ்சதை மறக்க வேண்டாம்.

வரலைங்கிற பேச்சை நம்புறதை விட சுவரைப் பாருங்க. புதுப்பெயின்ட் அடிச்சிருந்தாலும் கதவுநிலையோட பின்பக்கம், சுவரலமாரி அடித்தட்டு, மீட்டர் பெட்டிக்குள்ள வண்டல் கோடு நிக்கும். மீட்டர் பெட்டியை மட்டும் சமீபத்துல மேல ஏத்தியிருந்தா, ஏன்னு கேளுங்க. குளத்துக்குள்ள நிக்கிற கருவேல மரத்துப் பட்டையிலயும் நிறம் மாறுன கோடு இருக்கும்.

பிசானம்:

ஆழத்தைப் பத்தியே பேசுறோம், பத்திரத்தை யாரும் கேக்கல. உள்வாய்ன்னாலே முதல்ல அ-பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம்னு எழுதுன வருவாய்க் கணக்கு) புலப்படமும் (நிலத்தோட அளவு வரைபடம்) பாக்கணும். சர்வே எண்ணுக்கு நேரா 'குளம்'னோ 'அரசு புறம்போக்கு'ன்னோ இருந்தா அதோட எந்திரிச்சு வந்துருங்க. வில்லங்கச் சான்று சுத்தமா இருக்குங்கிறது இதுக்குப் பதில் ஆகாது, புறம்போக்குக்கும் பத்திரம் போட்ட காலம் உண்டு. பட்டா சரியா இருந்தாலும் சர்வேயரை வச்சு அளந்து பாருங்க. 11 சென்ட்ல படியும் பின்சுவரும் குளத்துப் பக்கம் தள்ளிக் கட்டுனதா இருக்கலாம். 2007ஆம் வருசத்துக் குளம் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி அதை இடிக்க வந்தா நிக்க முடியாது.

ஆயக்கட்டு (பாசனம் பாயுற நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல உள்ள குளம் நீர்வளத் துறைக்கிட்ட, அதுக்குக் கீழ ஊராட்சி ஒன்றியத்துக்கிட்ட. யாருக்கிட்டன்னு தெரிஞ்சுக்கிட்டு தகவல் உரிமைச் சட்டத்துல டேங்க் மெமாயர் (குளத்தோட அளவுக் குறிப்பேடு) நகல் கேளுங்க. முழு நீர்மட்டம், உச்ச வெள்ள மட்டம், கரை மேல்மட்டம் மூணும் அதுல இருக்கும். மறுகால் அண்ணாச்சி கணக்கை அதோட ஒத்துப் பாத்துக்கிடலாம்.

கக்கூஸ் தொட்டிதான் இந்த வீட்டுல நிஜமான தலைவலி. உறிஞ்சுகுழியோட அடி, நிலத்தடித் தண்ணிக்கு 2 மீட்டராவது மேல இருக்கணும், கிணத்துல இருந்து 60 அடி தள்ளி இருக்கணும். உங்க முத்தம் முழு மட்டத்துக்கு மேல வெறும் 9 அங்குலம். குளம் பெருகுனா குழியில தண்ணி இறங்காது, எதிர்த்து வரும். தரைக்குள்ள சம்ப் இருந்தா அதையும் பாருங்க. வெளியளவு 8க்கு 6க்கு 6 அடின்னா 288 கன அடி, சுத்தி மண்ணுல தண்ணி ஏறுனா 8 டன்னுக்கு மேல தூக்கு விசை. காலியா இருந்தா மூலை பிளக்கும், சில சமயம் முழுசாவே கெளம்பும். ஐப்பசி, கார்த்திகையில சம்பைக் கழுவ வேண்டாம், தொட்டியையும் அடியோட உறிஞ்ச விடாதீங்க.

வாங்குறதுதான் முடிவுன்னா, தளத்தை இன்னும் ஒண்ணரை அடி ஏத்துற செலவு, தரைக்கு மேல எழுப்புன மலத்தொட்டி, ரெண்டையும் வெலையில கழிச்சுப் பேசுங்க. கார்த்திகை வரைக்கும் பொறுக்க முடிஞ்சா, மறுகால் பாயுற அன்னைக்குப் போய்ப் பின்வாசல் படியில நின்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.