என்எஃப்எஸ் பகிர்வில் பூட்டு கிடைக்கவில்லை: ‘நோலாக்’ போட்டு விட்டுவிடலாமா?

கேள்வி:
வணக்கம். அலுவலகச் சர்வரின் ஒரு கோப்புறையை என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) 3ஆம் பதிப்பு வழியாகப் பல லினக்ஸ் கணினிகளில் மவுண்ட் செய்திருக்கிறோம் (இணைத்திருக்கிறோம்). சர்வரின் பயர்வாலில் 111, 2049, 20048 ஆகிய போர்ட்களை மட்டும் திறந்து வைத்த பிறகும் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் முடிகிறது. ஆனால் அங்குள்ள எஸ்கியூலைட் தரவுத்தளத்தைத் திறக்கும் நிரல், பூட்டு (ஒரே நேரத்தில் பலர் எழுதாமல் தடுக்கும் ஏற்பாடு) கிடைக்கவில்லை என்ற பிழையுடன் நின்றுவிடுகிறது. மவுண்ட் விருப்பங்களில் ‘நோலாக்’ சேர்த்ததும் பிழை மறைந்துவிட்டது. இப்படியே விட்டுவிடலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ‘நோலாக்’ இருந்தால் பூட்டு அந்தந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லுபடியாகும். சர்வருக்கு அது தெரிவிக்கப்படுவதே இல்லை. இரண்டு கணினிகள், பூட்டு தம்மிடமே இருப்பதாகக் கருதி ஒரே நேரத்தில் எழுதினால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தரவுத்தளம் சிதைந்துபோகலாம்.

3ஆம் பதிப்பில் பூட்டுவதற்கு லாக்டி என்ற தனிச் சேவையும், ஒரு கணினி மறுதொடக்கமானதை மற்றதற்குத் தெரிவிக்க ஸ்டாட்டி என்ற சேவையும் இருக்கின்றன. நாமாக எண் குறித்துக் கொடுக்காவிட்டால் இவை ஏதோ ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், நீங்கள் திறந்த மூன்று போர்ட்களுக்குள் அவை அடங்கவில்லை. என்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் இரண்டுக்கும் நிலையான போர்ட்களைக் குறித்து, அவற்றையும் திறந்துவிடுங்கள்.

மறுமொழி 2:
கிளையன்ட் கணினிகளின், அதாவது பகிர்வை மவுண்ட் செய்த கணினிகளின், பயர்வாலையும் பாருங்கள். காத்திருந்த பூட்டு விடுபடும்போது சர்வர்தான் கிளையன்டை அழைத்துச் சொல்கிறது. அந்த அழைப்பு தடுக்கப்பட்டால் நிரல் வெகுநேரம் தொங்கி நிற்கும். இயலுமானால் 4ஆம் பதிப்புக்கு மாறிவிடுவது நல்லது, ஏனெனில் அதில் பூட்டு நெறிமுறைக்குள்ளேயே சேர்ந்திருப்பதால் 2049 ஒன்றே போதும். பிறகு ஒரு கணினியில் ‘எஃப்லாக்’ கட்டளையால் ஒரு சோதனைக் கோப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு, மற்றொன்றில் காத்திராமல் பூட்ட முயலுங்கள். இரண்டாவது முயற்சி தோற்றால்தான் பூட்டு உண்மையாக வேலை செய்கிறது.

மறுமொழி 3:
தரவுத்தளம் ‘வால்’ (WAL, மாற்றங்களை முதலில் ஒரு தனிப் பதிவுக் கோப்பில் எழுதும்) முறையில் இருந்தால் பூட்டைச் சரிசெய்வது மட்டும் போதாது. அம்முறைக்கு எல்லா நிரல்களும் ஒரே கணினியின் நினைவகத்தைப் பகிர்ந்தாக வேண்டும். வலையமைப்புப் பகிர்வில் அது நடவாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ‘நோலாக்’கை நீக்கி 4ஆம் பதிப்புக்கு மாறினோம், சோதனையில் இரண்டாவது முயற்சி முறையாகத் தோற்றது. ‘வால்’ முறையையும் கைவிட்டோம். ஆனால் சர்வரை மறுதொடக்கம் செய்தவுடன் சிறிது நேரம் யாருக்கும் புதிய பூட்டு கிடைப்பதில்லை. இது கோளாறா?

மறுமொழி 2 எழுதியவர்:
கோளாறு இல்லை. முன்பு பூட்டு வைத்திருந்தவர்கள் அதை மீட்டுக்கொள்வதற்காகச் சர்வர் தரும் சலுகைக் காலம் அது. லினக்ஸில் இயல்பாக 90 வினாடி. அதைக் குறைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.