டிஸ்ப்ளே கருப்பாக இருக்கிறது, நாளை எக்ஸ்போ, அவசரம்

சுழல்கட்டம் (இரவு 9:48)
வணக்கம். டிஸ்ப்ளேயில் எதுவுமே வரவில்லை, கருப்பாகவே நிற்கிறது. கம்பைல் ஆகிறது, அப்லோடும் ஆகிறது, எரர் ஒன்றும் இல்லை. சுற்றும் கனசதுரம் ஒன்று வரைகிறேன், அவ்வளவுதான். ஒயரிங் சரியாக இருக்கிறது, நாலு தடவை பார்த்துவிட்டேன். கோடு மட்டும் வரமாட்டேன் என்கிறது. நாளை காலை 10 மணிக்கு டிபார்ட்மென்ட் எக்ஸ்போ. என்ன செய்தால் வரும்? சீக்கிரம் சொல்லுங்கள் அண்ணா யாராவது.

பற்றாசு (9:53)
எந்த டிஸ்ப்ளே? எந்த போர்டு? எந்த லைப்ரரி? "கோடு வரவில்லை" என்றால் திரையில் வரைகிற கோடா, நீங்கள் எழுதின கோடா? ஒயரிங் சரி என்று அடித்துச் சொல்கிறவர்களின் ஒயரிங்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன். போட்டோ போடுங்கள்.

நூறு_மைக்ரோ (9:55)
பவர் பிரச்சினை. லேப்டாப் யுஎஸ்பியில்தானே ஓட்டுகிறீர்கள்? 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். பக்கத்தில் கடை இல்லையென்றால் பழைய டிவி போர்டில் இருந்து கழற்றிக்கொள்ளலாம்.

பழைய_மானிட்டர் (10:02)
ஒரு கனசதுரம். பன்னிரண்டு கோடு. இதற்கு இரவு பத்து மணிக்கு ஊரைக் கூட்ட வேண்டியிருக்கிறது. லைப்ரரியை டவுன்லோட் செய்து எக்ஸாம்பிளை வெட்டி ஒட்டினால் இப்படித்தான் ஆகும். எங்கள் காலத்தில் டர்போ சி-யில் கிராஃபிக்ஸ்.எச் சேர்த்து, 640x480-ல் இரண்டு பேஜ் (முழுத்திரைப் படம் கொள்கிற மெமரி) வைத்துக்கொண்டு, ஒன்றைக் காட்டும்போதே மற்றதில் வரைந்து, செட்ஆக்டிவ்பேஜ், செட்விஷுவல்பேஜ் என்று மாற்றி மாற்றி ஒரு மினுக்கல் இல்லாமல் சுற்ற வைத்தோம். முதலில் அடிப்படையைப் படியுங்கள் தம்பி, எக்ஸ்போ அடுத்த வருடமும் வரும்.

மூலைக்கணக்கு (10:06)
தசம எண்களுக்கு டபுள் பயன்படுத்துகிறீர்களா? இஎஸ்பி32 போர்டாக இருந்தால் (சொல்லவில்லை, ஊகம்தான்) அதைவிடச் சின்ன ஃப்ளோட்டுக்குத்தான் சிப்புக்குள்ளேயே கணக்குப் பிரிவு இருக்கிறது, டபுள் எல்லாம் சாஃப்ட்வேரில் நடக்கும், இழுத்துவிடும். எல்லா டபுளையும் ஃப்ளோட்டாக மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

சுழல்கட்டம் (10:11)
சாரி அண்ணா. 2.8 இன்ச் கலர் டிஎஃப்டி, இஎஸ்பி32. ஹாஸ்டலில் இருக்கிறேன், போட்டோ எடுத்தால் டியூப்லைட்தான் தெரிகிறது. கெபாசிட்டர் இல்லை. ஃப்ளோட் மாற்றினேன், அதே கருப்பு.

பற்றாசு (10:13)
2.8 இன்ச் என்பது அளவு, பெயர் இல்லை. பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது? லைப்ரரியை இன்னும் சொல்லவில்லை.

ஜம்பர்_ராணுவம் (10:15)
20 சென்டிமீட்டர் ஜம்பர் ஒயரா? எஸ்பிஐ (போர்டில் இருந்து டிஸ்ப்ளேக்குத் தகவல் போகிற இணைப்பு) 40 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் அந்த நீளம் தாங்காது. லைப்ரரியின் செட்டப் ஃபைலில் 27 ஆக்குங்கள். எனக்கு ஒரு முறை இதே ஒயர்தான் மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது. இன்னொன்று, லைப்ரரியை அப்டேட் செய்தீர்களா? டிஎஃப்டி_இஎஸ்பிஐ என்றால் அப்டேட்டோடு யூசர்_செட்டப் ஃபைலும் போய்விடும், நீங்கள் எழுதிவைத்த பின் நம்பர் எல்லாம் காலி.

வெள்ளைத்திரை (10:21)
கருப்பு என்றால் எந்தக் கருப்பு? அந்த டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். பின்விளக்கு எரிந்து, சாம்பல் பூசின மாதிரிக் கருப்பாகத் தெரிகிறதா, இல்லை அணைத்து வைத்த போன் மாதிரி அடியோடு கருப்பா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த விலைக்கு வருகிற 2.8 இன்ச் பெரும்பாலும் ஐஎல்ஐ9341 சிப் வைத்ததுதான். பின் நம்பர் தப்பாகப் போனாலோ, செட்டப் ஃபைல் காலியானாலோ அது வழக்கமாக வெள்ளையாக நிற்கும். விளக்கு எரிந்து கருப்பாக இருந்தால் யாரோ கருப்பு அடிக்கச் சொல்லி, அது கேட்டு அடித்திருக்கிறது என்று அர்த்தம். அதாவது ஒயர் நல்ல ஒயர், செட்டப்பும் சரி. அந்த யாரோ உங்கள் புரோகிராம்தான்.

சுழல்கட்டம் (10:27)
விளக்கு எரிகிறது அண்ணா! சாம்பல் மாதிரிதான் இருக்கிறது. ஆமாம், ஐஎல்ஐ9341 என்று எழுதியிருக்கிறது, லைப்ரரி டிஎஃப்டி_இஎஸ்பிஐ. நேற்று வரைக்கும் ஓடியதுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஃபில்ஸ்கிரீன் கருப்பு போட்டு அழித்துவிட்டு வரைந்ததால் ஒரே மினுக்கல், பார்க்கிறவர்களுக்குத் தலைவலி வரும். சீனியர் ஒருவர் நேராக வரையாதே, ஸ்பிரைட்டில் (மெமரியில் இருக்கும் மறைவுத் திரை) வரைந்து மொத்தமாகத் தள்ளு என்றார். அப்படி மாற்றினதில் இருந்துதான் கருப்பு.

பற்றாசு (10:28)
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா! நாலு பேர் அரை மணி நேரம் ஒயரையும் கெபாசிட்டரையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

வெள்ளைத்திரை (10:36)
அண்ணா இல்லை, அக்கா. கிரியேட்ஸ்பிரைட்டில் 320, 240 என்று கொடுத்திருப்பீர்கள், நிற ஆழம் எதுவும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லாவிட்டால் 16 பிட் என்று எடுத்துக்கொள்ளும். 320ஐ 240ஆல் பெருக்கினால் 76,800 புள்ளி, புள்ளிக்கு இரண்டு பைட், ஆக 1,53,600 பைட். இது ஒரே துண்டாக வேண்டும்.

இஎஸ்பி32-ல் 520 கேபி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஒரே கூடம் இல்லை. கல்யாண மண்டபத்தில் மொத்தம் 300 இலை போடலாம் என்பார்கள், ஆனால் மாடியில் கொஞ்சம், கீழே கொஞ்சம், திண்ணையில் கொஞ்சம். 150 பேரும் ஒரே பந்தியில்தான் உட்காருவோம் என்று மாப்பிள்ளை வீட்டார் அடம்பிடித்தால் இடம் இல்லை. உங்கள் ஸ்பிரைட்டுக்கும் அதுதான் நடந்தது. இடம் கிடைக்காவிட்டால் கிரியேட்ஸ்பிரைட் நல் (NULL, ஒன்றுமில்லை) என்று திருப்பிக் கொடுக்கும், அதை நீங்கள் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஸ்பிரைட்டில் வரை, தள்ளு என்று எத்தனை சொன்னாலும் லைப்ரரி சத்தமில்லாமல் திரும்பிவிடும். எரர் வராததற்குக் காரணம் அதுதான். புரோகிராம் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை டிஸ்ப்ளேக்குக் கருப்பு அடித்திருப்பீர்களே, அதுதான் உங்கள் முன்னால் நிற்கிறது.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, ஸ்பிரைட் உருவாக்கும் வரிக்கு மேலே ஃப்ரீஹீப் (மொத்தக் காலி மெமரி), மேக்ஸ்அலாக்ஹீப் (ஒரே துண்டாகக் கிடைக்கிற அதிகபட்சம்) இரண்டையும் சீரியலில் அச்சிட்டு எண்களை இங்கே போடுங்கள். இன்னொன்று, கிரியேட்ஸ்பிரைட்டுக்கு முன்னால் ஸ்பிரைட்.செட்கலர்டெப்த்(8). பாதி இடம், 76,800 பைட், போதும்.

மூலைக்கணக்கு (10:40)
சரி, ஆனால் அதற்கப்புறமும் மெதுவாக ஓடினால் டபுளைப் பாருங்கள். நான் சொன்னது தப்பில்லை.

பழைய_மானிட்டர் (10:44)
ஃப்ளோட்டே தேவையில்லை. சைன் மதிப்புகளை 256-ஆல் பெருக்கி ஒரு அட்டவணையில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, பெருக்கினபின் எட்டு பிட் வலப்பக்கம் தள்ளினால் முடிந்தது. நாங்கள் தசமக் கணக்குக்கென்று தனி கோ-ப்ராசஸர் இல்லாத மெஷினில் இப்படித்தான் ஓட்டினோம். இரண்டு பேஜ், முழு எண் கணக்கு, அவ்வளவுதான் கிராஃபிக்ஸ். அந்தக் காலத்து 640x480-ல் முடிந்தது, இந்தக் காலத்து 320x240-ல் முடியவில்லை என்றால் சிரிப்பாக இருக்கிறது.

மூலைக்கணக்கு (10:47)
அது கோ-ப்ராசஸர் இல்லாததால் சார். இங்கே ஃப்ளோட் பெருக்கல் வன்பொருளிலேயே இருக்கும்போது அட்டவணை எதற்கு?

கட்டைவிரல்_386 (10:52)
மன்னிக்கவும், 640x480-ல் இரண்டு பேஜா? அந்த 640x480 மோடான விஜிஏஹை-யில் ஒரே பேஜ்தான் சார். இரண்டு பேஜ் வேண்டுமென்றால் விஜிஏமெட், 640x350. "எங்கள் காலம்" என்பதும் புரியவில்லை, என் தங்கை போன செமஸ்டரில்கூட லேபில் அந்த நீலத் திரையில்தான் அடித்தாள். கிராஃபிக்ஸ் டிரைவர் இருக்கிற பிஜிஐ ஃபோல்டர் பாதையில் இரட்டைச் சாய்கோடு போட மறந்து கிராஃபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்ட் வாங்காத பேட்ச் நம் ஊரில் உண்டா?

பழைய_மானிட்டர் (10:55)
640x480தான். நான் கையால் எழுதிய புரோகிராம், எனக்குத் தெரியாதா. டிடெக்ட் என்று கொடுத்தால் அதுவே 480-க்குத்தான் போகும்.

கட்டைவிரல்_386 (10:58)
போகும். போனபிறகு செட்ஆக்டிவ்பேஜ்(1) என்று கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

வெள்ளைத்திரை (11:04)
கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், எனக்கும் தூக்கம் வரவில்லை. விஜிஏ-யில் 16 நிறம், புள்ளிக்கு நாலு பிட். 640ஐ 480ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 1,53,600 பைட். (தம்பியின் ஸ்பிரைட் கேட்ட அதே எண், பார்த்தீர்களா!) இரண்டு பேஜ் என்றால் 3,07,200. விஜிஏ கார்டில் இருந்த மெமரி 256 கேபி, அதாவது 2,62,144. கொள்ளாது. 640x350 என்றால் ஒரு பேஜ் 1,12,000, இரண்டு 2,24,000, கொள்ளும். அதனால்தான் அங்கே இரண்டு, இங்கே ஒன்று. அந்தக் காலத்தில் உங்களுக்கு இடம் பற்றாத அதே காரணத்துக்குத்தான் சார் இன்றைக்குத் தம்பிக்கும் பற்றவில்லை.

அப்புறம் அந்த ஃப்ளோட், முழு எண் சண்டை. கனசதுரத்துக்கு எட்டு மூலை. எட்டு மூலையைச் சுற்ற எந்தக் கணக்கில் செய்தாலும் இந்தச் சிப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நேரம் போவது ஒயரில். முழுத்திரைக்கு 12,28,800 பிட், 40 மெகாஹெர்ட்ஸில் அனுப்பவே கிட்டத்தட்ட 31 மில்லிசெகண்ட். அதாவது கணக்குக்கு நேரமே ஆகாவிட்டாலும் விநாடிக்கு 32 படத்துக்கு மேல் வராது. 8 பிட் ஸ்பிரைட் என்றாலும் அனுப்பும்போது 16 ஆக விரித்துத்தான் அனுப்பும், அதனால் ஒயரில் நேரம் குறையாது, மெமரிதான் மிச்சம். ஜம்பர்_ராணுவம் சொன்னபடி 27-க்கு இறக்கினால் 22 படம்தான், அதனால் 40-லேயே விடுங்கள், ஒயர் பிரச்சினை கொடுத்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜம்பர்_ராணுவம் (11:07)
கொடுக்கும், பாருங்கள்.

சுழல்கட்டம் (11:19)
வந்துவிட்டது!!! அக்கா நன்றி. ஃப்ரீ 2,70,000 சொச்சம், மேக்ஸ்அலாக் 1,10,580 என்று காட்டியது. 8 போட்டதும் சுற்றுகிறது, மினுக்கல் சுத்தமாக இல்லை. ஒரே ஒரு டவுட். முகங்களுக்கு நீலத்தில் வெளிச்சம் மாறுகிற மாதிரி ஷேடிங் கொடுத்திருந்தேன், இப்போது அது படிக்கட்டு மாதிரி டக் டக் என்று மாறுகிறது.

வெள்ளைத்திரை (11:24)
8 பிட்டில் சிவப்புக்கு 3, பச்சைக்கு 3, நீலத்துக்கு 2 பிட்தான். சிவப்பில் எட்டு படி, பச்சையில் எட்டு, நீலத்தில் நாலே நாலு. நீங்கள் தேடிப்பிடித்து நீலத்தை எடுத்திருக்கிறீர்கள். பச்சைக்கு மாறினால் கொஞ்சம் மேல். இல்லையென்றால் முழுத்திரை ஸ்பிரைட்டை விட்டுவிட்டு, கனசதுரம் சுற்றுகிற இடத்துக்கு மட்டும் 200x200 ஸ்பிரைட் 16 பிட்டில் போடுங்கள், 80,000 பைட், உங்கள் 1,10,580-க்குள் அடங்கும். நடுவில் தள்ளுங்கள். அனுப்புவதும் பாதியாகும், படமும் வேகமாக வரும். எப்படிச் செய்தாலும் கிரியேட்ஸ்பிரைட் திருப்பிக் கொடுப்பதை ஒரு இஃப் போட்டுப் பார்த்துவிட்டு, நல் என்றால் சீரியலில் கத்தச் சொல்லுங்கள்.

நூறு_மைக்ரோ (11:26)
எக்ஸ்போவில் பவர் பேங்கில்தான் ஓட்டப்போகிறீர்கள். கெபாசிட்டர் போட்டுவிடுங்கள், சொல்லிவிட்டேன்.

பழைய_மானிட்டர் (11:41)
பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 640x350 என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் 480-லும் ஒன்று செய்த ஞாபகம் இருக்கிறது, அது எக்ஸ்ஓஆர்_புட் வைத்து அழித்து அழித்து வரைந்ததாக இருக்கலாம். முழு எண் அட்டவணை விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை.

கட்டைவிரல்_386 (11:43)
அந்த நோட்டு இன்னும் வைத்திருக்கிறீர்களா! அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள் சார், உண்மையாகவே பார்க்க ஆசை.

பற்றாசு (மறுநாள், மாலை 6:10)
சுழல்கட்டம், எக்ஸ்போ என்ன ஆயிற்று?

சுழல்கட்டம் (மறுநாள், இரவு 8:35)
ஓடியது. 200x200 போட்டேன். எச்ஓடி ஒரு நிமிடம் நின்று பார்த்தார். நீலம் கொடுத்த முகம் ஆரஞ்சு மாதிரி வருகிறது, இந்த டிஸ்ப்ளேயே அப்படித்தான் போல என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். நன்றி எல்லோருக்கும்.

வெள்ளைத்திரை (மறுநாள், இரவு 8:50)
டிஸ்ப்ளேயில் தப்பில்லை. சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கிறது, யூசர்_செட்டப்பில் நிற வரிசைக்கு ஆர்ஜிபி, பிஜிஆர் என்று ஒரு வரி கமென்ட் செய்யப்பட்டிருக்கும், அதைத் திறந்து மாற்றினால் போதும். ஆனால் நேற்று இரவு நிறம் மாறி வருகிறது என்று நீங்கள் சொல்லவில்லையே? நடுவில் லைப்ரரியை அப்டேட் செய்தீர்களா?

ஜம்பர்_ராணுவம் (மறுநாள், இரவு 8:52)
செய்திருந்தால் பின் நம்பரும் போயிருக்கும், திரையே வந்திருக்காது. பைட் வரிசையை மாற்றுகிற ஸ்வாப்பைட்ஸ் எதையாவது தொட்டிருப்பார்.

வெள்ளைத்திரை (மறுநாள், இரவு 9:03)
அதுவும் இருக்கலாம். 16 பிட்டுக்கு மாறும்போது நிற எண்ணைக் கையால் எழுதியிருந்தாலும் இப்படி வரும். தம்பி, அந்த நிற வரியை மட்டும் இங்கே போடுங்கள்.

பற்றாசு (நாலு நாள் கழித்து)
போடமாட்டார். எக்ஸ்போ முடிந்துவிட்டது.