3050ஆ, 4050ஆ, 4060ஆ? திருகோணமலை வெக்கைக்குத் தாங்கிற கேமிங் லெப்டொப் எது?

உப்புவெளிப்பொடியன்:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல வேலை செய்யிறன், சீசன் காசைச் சேர்த்து வச்சிருக்கிறன், மூண்டரை இலட்சம் மட்டும் போகலாம் அதுக்கு மேல ஏலாது. சைபர்பங்க் 2077, பிளாக் மித் வூகோங் இந்த ரெண்டு கேமையும் ஒழுங்கா விளையாடோணும், கனநாள் ஆசை. மூண்டு லெப்டொப் பார்த்து வச்சிருக்கிறன். டவுண்ல ஒரு கடையில 12ஆம் ஜெனரேஷன் ஐ7 ப்ரொசெசர், என்விடியா கொம்பனியின்ர ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்ட் (கார்டின்ர சொந்த மெமரி 4 ஜிபி), 16 ஜிபி ரேம். பம்பலப்பிட்டியில ஒண்டு ஐ5 13420எச், 4050 6 ஜிபி, ஆனா ரேம் 8தான். அதே கடையில இன்னொண்டு ரைசன் 7, 4060 8 ஜிபி, நல்ல மெல்லிசு, டிஸ்ப்ளேக்கு வச்சிருந்த பீஸ் எண்டபடியால குறைச்சுத் தாறாங்களாம். டவுண் கடைக்காரர் “ஐ7 தானே தம்பி, எல்லா கேமும் ஓடும்” எண்டு சொல்லுறார். ரூம்ல ஏசி இல்ல, கடலுக்குக் கிட்ட வீடு. எதை எடுக்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கொட்டியாரக்குடா:
தம்பி முதல்ல அந்த ஐ7 கதையை மறந்திடுங்க. கேமுக்கு முதல் பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்ட், அதுக்குப் பிறகுதான் ப்ரொசெசர். வூகோங்குக்குக் குறைஞ்சது 6 ஜிபி கார்டும் 16 ஜிபி ரேமும் வேணும் எண்டு அவங்களே போட்டிருக்கிறாங்க, அப்ப 4 ஜிபி 3050ஐ இப்ப காசு குடுத்து எடுக்கிறதுல அர்த்தமே இல்ல. 4050, 4060 மாதிரி 40 சீரிஸ்ல ஃப்ரேம் ஜெனரேஷனும் (இடையில படங்களைத் தானே உருவாக்கி கேமை வழுவழுப்பா காட்டுறது) இருக்கு, 30 சீரிஸுக்கு என்விடியா அதைக் குடுக்கேல்ல. ஐ7 எண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் பின்னால வாற எழுத்தைப் பாருங்க, யூ எண்டா 15 வோட் கரண்ட் எடுக்கிற இனம், ஒஃபிஸ் வேலைக்கு, எச் எண்டா 45 வோட். உங்கட ஐ5 13420எச் இந்தக் கார்டுக்குத் தாராளம்.

துறைமுகவீதி_அக்கா:
கொட்டியாரக்குடா சொன்னது சரி, ஆனா 4060 எண்டு பேரைப் பார்த்துப்போட்டு உடனே அதை எடுக்க வேணாம் தம்பி. ஒரே 4060ஐ ஒரு கொம்பனி 35 வோட்டிலயும் போடலாம் இன்னொரு கொம்பனி 115 வோட்டிலயும் போடலாம், ரெண்டுக்கும் பேர் ஒண்டுதான், வேகம் ஒண்டில்ல. 35 வோட் குடுத்த 4060ஐ 100 வோட் குடுத்த 4050 முந்திப் போயிரும். மெல்லிசு லெப்டொப்ல கூட வோட் குடுத்தா வெக்கையை வெளிய தள்ள இடம் இல்ல, அதால குறைச்சுத்தான் வைப்பாங்க.

இதைக் கடையிலயே பார்க்கலாம். டெஸ்க்டொப்ல ரைட் கிளிக் பண்ணி என்விடியா கொன்ட்ரோல் பெனல் திறந்து, கீழ இடப்பக்கம் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் எண்டு சின்னதா இருக்கும், அதை அமத்தினா வாற பட்டியல்ல மெக்சிமம் கிராஃபிக்ஸ் பவர் எண்டு ஒரு வரி, அதுக்கு நேர வோட் போட்டிருக்கும். கொழும்பில ஆரும் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா அந்த வரியை ரெண்டு லெப்டொப்பிலயும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கடைக்காரர் திறந்து காட்ட மாட்டன் எண்டா அங்க எடுக்காதீங்க, அவ்வளவுதான்.

ரேமுக்கும் டாஸ்க் மெனேஜர்ல மெமரிக்குள்ள போனா ரேம் குச்சி போடுற இடம் (ஸ்லொட்) எத்தின, எத்தின பாவிச்சிருக்கு எண்டு வரும். 2ல 1 எண்டு இருந்தா நல்லது, இன்னொரு 8 போட்டா 16 ஆகும், ரெண்டு குச்சியா ஓடுறதால கேமும் கொஞ்சம் கூட ஓடும்.

கச்சான்காத்து:
வெக்கையைப் பற்றி ஒருத்தரும் இன்னும் ஒழுங்கா சொல்லேல்ல. ஜூன் ஜூலையில கச்சான் அடிக்கேக்க நம்மட ஊர்ல மத்தியானம் ரூமுக்குள்ள இருக்கவே ஏலாது, யூடியூப்ல ரிவியூ செய்யிறவங்கள் 22, 23 டிகிரி ஏசி ரூம்ல வச்சு டெஸ்ட் பண்ணிப்போட்டு 80 டிகிரி எண்டு காட்டுவாங்கள், உங்கட ரூம் 33 எண்டா அந்தப் பத்து டிகிரி அப்பிடியே உள்ளயும் ஏறும், பிறகு ப்ரொசெசர் தன்னைக் காப்பாத்த வேகத்தைத் தானே குறைச்சிரும், கேம் விக்கி விக்கி ஓடும். அதால நம்மட ஊருக்கு தடிச்ச லெப்டொப், ரெண்டு ஃபேன், பின்னாலயும் பக்கத்தாலயும் காத்து போறது. பாரம் எண்டு யோசிக்காதீங்க.

கடல் காத்து அதை விட மோசம். ஜன்னலுக்கு நேர மேசையை வைக்க வேணாம், உப்புப் பிசுபிசுப்போட தூசியும் சேர்ந்து ஃபேன் இதழ்லயும் அந்த மெல்லிய அலுமினியத் தகட்டு இடைவெளியிலயும் பசை மாதிரி ஒட்டிரும், பிறகு ஊதியும் போகாது. சில மாசத்துக்கு ஒருக்கா திறந்து தூரிகையால துப்புரவாக்க வேணும், மாரியில பாவிக்காத நாள்ல ஈரத்தை உறிஞ்சிற சிலிக்கா பைக்கட் போட்டு பேக்குக்குள்ள வையுங்க. பின் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வச்சாலும் வித்தியாசம் தெரியும். கட்டில்ல மெத்தைக்கு மேல வச்சு விளையாடவே வேணாம்.

நிலாவெளியான்:
இந்தக் காசுக்கு டெஸ்க்டொப் கட்டினா இதை விட நல்ல கார்ட் வரும் எண்டுதான் நான் சொல்லுவன். சரி, உங்களுக்கு லெப்டொப்தான் வேணும் எண்டா ஸ்டோரேஜைப் பாருங்கோ. 512 எண்டு சொல்லுறது விண்டோஸ்ல 476 எண்டுதான் காட்டும், வூகோங் மட்டும் 130 ஜிபி கேக்குது, சைபர்பங்க் 70. ரெண்டாவது எஸ்எஸ்டி (ஸ்டோரேஜ் ட்ரைவ்) போட இடம் இருக்கா எண்டு கேளுங்கோ. இன்னொண்டு, சார்ஜரைக் கழட்டிப்போட்டு விளையாடினா வேகம் நல்லா விழும், இப்பிடியான கேமிங் லெப்டொப்ல அப்பிடித்தான்.

உப்புவெளிப்பொடியன்:
எல்லாருக்கும் கனக்க நன்றி. மச்சான் ஒருத்தன் வெள்ளவத்தையில இருக்கிறான், அவனை அனுப்பி அந்த வரியைப் படம் எடுப்பிச்சன். மெல்லிசு 4060 45 வோட், 4050 95 வோட்! ரேம் அதில 2ல 1 எண்டுதான் காட்டுது. ஆனா 4060க்கு 8 ஜிபி இருக்கே, அதை விடுறதா எண்டுதான் மனசு இழுக்குது.

துறைமுகவீதி_அக்கா:
அந்த 8 ஜிபி பெரிய விசயம்தான், இல்லையெண்டு சொல்ல மாட்டன். டூம் த டார்க் ஏஜஸ் மாதிரி 2025ல வந்த சில கேம் குறைஞ்சதே 8 ஜிபி கேக்குது. 80, 90 வோட்ல ஒரு 4060 உங்கட காசுக்குள்ள கிடைச்சா கண்ணை மூடிக்கொண்டு எடுங்க. ஆனா 45 வோட், மெல்லிசு உடம்பு, ஏசி இல்லாத ரூம், அதோட கடையில நாள் முழுக்க ஓடிக்கிடந்த டிஸ்ப்ளே பீஸ், எனக்கு அது மனசுக்குப் பிடிக்கேல்ல. உங்கட ரெண்டு கேமுக்கும் 1080பி ரெசொலூஷன்ல ரே ட்ரேசிங்கை (உண்மையான வெளிச்சம் மாதிரி காட்டுற செட்டிங்) நிப்பாட்டி, டிஎல்எஸ்எஸ் (சின்னப் படத்தைப் பெருப்பிச்சு வேகத்தைக் கூட்டுற என்விடியா வசதி) போட்டு, டெக்ஸ்சரை மீடியத்தில வச்சா 4050 நல்லா ஓடும். அதை எடுங்க.

கச்சான்காத்து:
நானும் 4050தான். ரேம் டிடிஆர் 4ஆ 5ஆ எண்டு பார்த்து அதே இனம் அதே வேகத்தில 8 ஜிபி வாங்கி, கடைக்காரரையே முன்னால வச்சுப் போடச் சொல்லுங்க, நீங்க திறந்தா வொரண்டி ஸ்டிக்கர் கிழிஞ்சது எண்டு பிறகு கதை வரும். வொரண்டி காட்ல ரேம் மாத்தினதையும் எழுதி சீல் அடிச்சு வாங்குங்க. மச்சானை அரை மணித்தியாலம் அங்கயே ஒரு கேம் ஓட விட்டுப் பார்க்கச் சொல்லுங்க, ஃபேன் சத்தம் கரகரப்பு இல்லாம ஒரே சீரா வந்தா காசைக் குடுக்கட்டும்.