31 வயதில் முயல் படம் போட்ட ஃப்ராக் போடக் கூடாதா?

மஞ்சள்முயல் (வேளச்சேரி) கேட்டது:

வணக்கம். எனக்கு 31 வயது. அம்மா அப்பாவோடு வேளச்சேரியில் இருக்கிறேன், சோழிங்கநல்லூரில் மென்பொருள் டெஸ்டிங் வேலை. இரண்டு வருடம் முன்புதான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. (செய்தித்தாள்களில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, என் மதி ஒன்றும் இறுகிக் கிடக்கவில்லை.)

எனக்குப் பிடித்த உடுப்பெல்லாம் குழந்தைகள் பிரிவில்தான் இருக்கிறது. முயல், மேகம், தர்பூசணித் துண்டு அச்சடித்த பனியன் துணி ஃப்ராக், இரண்டு பக்கமும் பாக்கெட். நான் ஒல்லி, அதனால் 15 வயது அளவு சரியாக இருக்கும். அதில் பல உடுப்புகளில் கழுத்தில் டேக் கிடையாது, அளவைத் துணியிலேயே அச்சடித்திருப்பார்கள். பெரியவர்களின் குர்த்தியில் பின்கழுத்தில் ஒரு டேக், விலாப் பக்கத் தையலில் இன்னொன்று. கத்தரித்தாலும் அடியில் ஒரு மில்லிமீட்டர் நின்றுகொண்டு குத்தும். அன்றைக்கு மீட்டிங்கில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அந்த ஒரு மில்லிமீட்டர் மட்டும் நன்றாகத் தெரியும்.

ஆனால் தோலுக்காக மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். அந்த முயலைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. என் அறையில் 43 துணிப் பொம்மைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று எனக்குக் கணக்கு உண்டு. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் முகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டு வந்து அவற்றின் நடுவில் உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகிறது.

போன மாதம் தி.நகரில் ஒரு கடையில், "பாப்பாவுக்கு என்ன வயசுக்கா?" என்று விற்கிற பெண் கேட்டாள். எனக்குத்தான் என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்த பார்வையை அம்மாவும் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பொம்மைகளை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போடச் சொல்கிறார். அடுத்த மாதம் சித்தி பெண் கல்யாணம், அதற்குக் காஞ்சிபுரம் பட்டுதான் கட்டணுமாம். எனக்கு அம்மாவோடு சண்டை போட வேண்டாம். ஆனால் பொம்மைகளைப் பரணில் போடவும் மனசு வரவில்லை. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

—

ரயில்பெட்டி (பெரம்பூர்):

பரணில் போடாதீர்கள் தங்கச்சி. எனக்கு 44 வயது, 38இல் எனக்கும் இதேதான் சொன்னார்கள். வீட்டுக் கூடத்தில் தரையில் தண்டவாளம் போட்டு பொம்மை ரயில் ஓட்டுகிறேன், தினமும், சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம். மற்ற வேளைகளில் என் மேஜையில் ஒரு பெட்டி நிற்கும், அரக்குச் சிவப்பு அடித்த பழைய ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை) வகை. அதன் ஜன்னல் கம்பிகளை நானே ஈர்க்குச்சியைச் சீவி ஒட்டினேன், ஒரு ஜன்னலுக்கு ஒரு ராத்திரி ஆனது.

எங்கள் ஏரியாவில் ரயிலைப் பற்றிப் பேசினால் யாரும் குழந்தை என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். 1955இலிருந்து பெட்டி செய்கிற தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறது, தெருவுக்கு நாலு பேர் அங்கே வேலை பார்த்தவர்கள். ஆனால் கேட்டிருக்கிறேன். பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓட ஆரம்பித்தது, மீட்டர்கேஜ் வண்டி 2004 ஜூலை 1ஆம் தேதியோடு நின்றது என்று நான் சொன்னால் "பெரிய அறிவாளி" என்பார்கள். அதே வண்டியைத் தரையில் உட்கார்ந்து கையால் தள்ளினால் "இன்னும் பொம்மையா?" என்பார்கள். இரண்டும் எனக்கு ஒரே சந்தோஷம்தான். அவர்களுக்குத்தான் ஒன்று பெரியவர் வேலை, இன்னொன்று சின்னப் பிள்ளை வேலை. கிரிக்கெட் வீரர் பெயர் போட்ட ஜெர்சியை 50 வயதுக்காரர் மாட்டிக்கொண்டு சேப்பாக்கம் போகிறார், அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

தோலுக்காக மட்டும் இல்லை என்று எழுதினீர்களே, அந்த வரியை விட்டுவிடாதீர்கள். டாக்டர் சீட்டுக் காட்டினால்தான் முயல் பிடிக்கலாம் என்று ஆகிவிடக் கூடாது.

—

கைவேலை (அடையார்):

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்ய உதவுகிற சிகிச்சையாளர்), பெரியவர்களோடும் வேலை செய்கிறேன். ரயில்பெட்டி சொன்னது சரி, சந்தோஷத்துக்குச் சீட்டு வேண்டாம். ஆனால் அம்மாவிடம் பேசும்போது உதவும் என்பதால் ஒன்று சொல்கிறேன். மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்துகிற, 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில், ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் தொடுதல், சத்தம், வெளிச்சம் போன்றவை அளவுக்கு மீறி உறைப்பதையும் உறைக்காமல் போவதையும் சேர்த்தார்கள். ஒரே விஷயத்தில் ஆழ்ந்து ஈடுபடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே டேக் குத்துகிறது என்றால் அது செல்லம் கொடுத்து வந்த பிடிவாதம் இல்லை. இன்னொன்று, "இவளுக்கு மனசு எட்டு வயசு" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை மென்பொருளைச் சோதித்துச் சம்பளம் வாங்கி வீட்டுக்குக் கொடுப்பதில்லை.

பட்டு விஷயம். ஜரிகையின் பின்பக்கம்தான் அறுக்கும். கீழ்க் கரையில் ஃபால்ஸ் தைத்துவிடுவதால் காலில் தெரியாது, இடுப்பிலும் தோளிலும் தெரியும். ஜரிகை குறைந்த சாஃப்ட் சில்க் கேளுங்கள், அல்லது மல் காட்டன். ரவிக்கைக்கு உள்ளே பழகிய காட்டன் லைனிங், தையல் பிசிறு தோலில் படாமல் பைப்பிங் வைத்து மூடச் சொல்லுங்கள். காட்டன் என்றால் இரண்டு மூன்று தடவை துவைத்துவிடுங்கள், எதுவானாலும் வீட்டில் ஒரு மணி நேரம் கட்டிப் பாருங்கள். முகூர்த்தத்தன்று முதல் தடவை கட்டக் கூடாது.

ஃப்ராக்குக்கு: 15 வயது அளவு பத்தவில்லை என்கிற நாள் வந்தாலோ, கடையில் அந்தப் பார்வை வேண்டாம் என்றாலோ, பாரிமுனை கோடவுன் தெருவில் துணியாக எடுத்து, தெரிந்த டெய்லரிடம் உங்கள் பழைய ஃப்ராக்கை அளவுக்குக் கொடுங்கள்.

—

அண்ணன்77 (அம்பத்தூர்):

யாரும் தப்பாக எடுத்துக்க வேண்டாம். வீட்டில் என்ன வேணுமானாலும் போடட்டும். வெளியே போனால் ஊர் அப்படியா இருக்கு? முயல் ஃப்ராக்கில் பார்த்தால் விவரம் தெரியாத பொண்ணு என்று நினைத்து ஏமாற்றுவார்கள், அதற்கு மேலேயும் நடக்கும். எனக்கும் தங்கை இருக்கிறாள், அந்தப் பயத்தில்தான் சொல்கிறேன்.

—

தாம்பரம் அம்மா:

அண்ணன்77, உங்கள் பயம் எனக்குப் புரியுது தம்பி. 26 வருஷமாக அதே பயத்தோடுதான் தூங்குகிறேன். என் மகனுக்கு ஆட்டிசம், பேச்சு ரொம்பக் குறைவு. டைனோசர் படம் போட்ட டி-ஷர்ட் மட்டும்தான் போடுவான், அதிலும் பச்சை.

அவன் 12 வயதாக இருக்கும்போது, வயதுக்குத் தக்க உடுப்பு போட்டுப் பழக்குங்கள் என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். நானும் கேட்டேன். காலர் வைத்த சட்டை, பெல்ட். ஆறு மாசம் தினமும் காலையில் அழுதான், கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்துப் போகும், நான் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருப்பேன். அந்த ஆறு மாசத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு பிசைகிறது. அந்தச் சட்டையில் அவனை யாரும் பெரிய பையனாக நடத்தவில்லை. அப்போதும் அவனைக் கேட்க வேண்டியதை என்னிடம்தான் கேட்டார்கள்.

2024 ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட வந்தான். பச்சை டைனோசர்தான். வரிசையில் ஒருவர், "குழந்தையை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க, வெயில்ல" என்றார். அவன் தன் அடையாள அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். உள்ளே போய்த் தானே பொத்தானை அழுத்திவிட்டு வந்தான். மை வைத்த விரலை மடக்காமல் நீட்டியபடியே வீடு வரைக்கும் நடந்தான்.

ஏமாற்றுகிறவன் உடுப்பைப் பார்த்து வருவதில்லை தம்பி. வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களைத் தேடி வருகிறான். குத்துகிற சட்டையையே வேண்டாம் என்று சொல்ல விடாமல் வளர்த்தால், பிறகு அந்த வார்த்தை எங்கிருந்து வரும்?

மகளே, அம்மாவிடம் கோபப்படாதே. கடையில் அந்தப் பெண் பார்த்த பார்வையில் அவருக்கு நெஞ்சு அடைத்திருக்கும். அவருக்கும் கொஞ்சம் நாள் கொடு.

—

அண்ணன்77 (அம்பத்தூர்):

கடைசியில் சொன்னீங்களே அம்மா, அதை நான் யோசிக்கவில்லை. சரி.

—

மஞ்சள்முயல்:

எல்லோருக்கும் நன்றி. தாம்பரம் அம்மா எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கழுத்துச் சிவந்த இடம் வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போகவில்லை. ராத்திரி வந்து, "ஸ்கூல் யூனிஃபார்ம் போடும்போது நீயும் அப்படித்தான் அழுவே" என்றார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பொம்மைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பெரிய கரடி ஒன்றை மட்டும் நாற்காலி வேண்டுமே என்று நானே இறக்கிக் கட்டிலில் வைத்தேன். மாப்பிள்ளையின் அக்கா அறைக்குள் வந்து, கடைசி வரிசையில் ஏன் எல்லாம் நீலம் என்று கேட்டார். சொன்னேன், 20 நிமிடம் ஆனது, முழுவதும் கேட்டார். என்ன பதில் வரும் என்று தெரியாது. வராவிட்டாலும் பரவாயில்லை.

கல்யாணத்துக்கு இலைப்பச்சையில் மல் காட்டன், மெல்லிய கரை. இரண்டு தடவை துவைத்தாகிவிட்டது. சனிக்கிழமை கோடவுன் தெரு போகிறேன், அம்மாவும் வருகிறாராம். ரவிக்கைத் துணியில் குட்டி முயல் கிடைத்தால் எடுக்கலாமா என்று கேட்டேன், "சின்னதா இருந்தா எடு" என்றார்.