"ஏன் எங்கள் நிறுவனம்?" இதற்கு என்னதான் எழுதுவது?

கேள்வி
லண்டன் சட்ட நிறுவனங்களில் ட்ரெய்னிங் கான்ட்ராக்டுக்கு (வழக்கறிஞர் ஆவதற்கான பயிற்சி வேலை) விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற கேள்விகளை எப்படியோ சமாளித்துவிடுகிறேன், இந்தக் கேள்வி வந்தால் மட்டும் கை ஓடவில்லை. பல நாடுகளில் கிளைகள், தரமான பயிற்சி, நட்பான சூழல் என்று எழுதி முடித்துப் படித்தால் எந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறது. (போன வாரம் பெயரை மாற்றாமலே ஒன்றை அனுப்பிவிட்டேன். அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

பதில் 1
எந்தப் பெயருக்கும் பொருந்துகிற வரியை முதலில் அடித்துவிடுங்கள். அப்புறம் அந்த நிறுவனம் எங்கே மற்றவர்களிடமிருந்து விலகுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் 2 வருடப் பயிற்சி, ஆறாறு மாதமாக 4 சீட், அதாவது 4 பிரிவுகளில் மாறி மாறி வேலை. ஜோன்ஸ் டேயின் லண்டன் அலுவலகத்தில் அந்தச் சுழற்சியே கிடையாது, பல பிரிவுகளின் வேலையை நாமே கேட்டு வாங்கிச் செய்ய வேண்டும். ஆனால் "இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுதி நிறுத்தினால் அவர்களுடைய இணையதளத்தை அவர்களுக்கே படித்துக் காட்டுகிறீர்கள். யாரும் சொல்லாமல் நீங்களாக ஒரு வேலையை இழுத்துப் போட்டுச் செய்த கதை இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், அப்போதுதான் அது உங்கள் பதில்.

பதில் 2
பெரிய டீல் பெயரைப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் ஒரு கையகப்படுத்தலைப் பற்றி உருகி உருகி எழுதினேன், நேர்காணலில் "அதில் நாங்கள் யார் பக்கம்?" என்று கேட்டார்கள். வாங்கியவர் பக்கம் என்றேன். விற்றவர் பக்கமாம்! லண்டன் சட்ட நிறுவனமான ஏ அண்ட் ஓவும் (ஆலன் அண்ட் ஓவரி) நியூயார்க் நிறுவனமான ஷியர்மனும் 2024 மே மாதம் இணைந்ததை எழுதினாலும் இதே கதைதான், நடந்தது அவர்களுக்கே தெரியும். ஆங்கிலச் சட்டமும் நியூயார்க் சட்டமும் ஒரே கூரைக்குக் கீழே வந்ததில் உங்களுக்கு என்ன ஆர்வம் என்பதுதான் அங்கே எழுத வேண்டியது.

கேள்வி கேட்டவர்
சரி, ஆனால் என்னிடம் அப்படிப் பெரிய கதை எதுவும் இல்லையே. காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்ம் பிரிவில் ஒரு வருடம் இருந்தேன், அவ்வளவுதான்.

பதில் 1
அவ்வளவுதானா! லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை இருக்கிற ஊரில் காப்பீட்டு வழக்குகளையே முக்கியத் தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு, அவற்றுக்கு அனுப்பினீர்களா? பாலிசியில் ஒரு வார்த்தைக்காக க்ளெய்ம் நின்றுபோனதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.