ஆனந்தவல்லி இல்லம் குழு: இன்று இரவுக்குள் சொல்லுங்கள்

காலை 6:10
கீதா: எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் என்னிடம் ஜப்பானுக்கு வர விமான டிக்கெட் இந்த விலையில் இன்று இரவு வரைதான். பிப்ரவரி 9 முதல் 16 வரை எனக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. அப்பா, அம்மா, ராஜம் அத்தை. மூன்று பேர்தானே?

லலிதா: மூன்று பேர்தான். அக்கா, பாஸ்போர்ட் வந்துவிட்டதா?

ராஜம்: வந்துவிட்டது. போட்டோவில் யாரோ ஒருத்தி இருக்கிறாள்.

முரளி: அக்கா ஜப்பான் போகிறாளா? என்னிடம் யாரும் சொல்லவில்லையே.

லலிதா: தீபாவளியன்று சொன்னேன். நீங்கள் அதிரசத்தில் கவனமாக இருந்தீர்கள்.

சுந்தரம்: அனைவரும் முழுவதும் படிக்கவும். நாம் போகும் ஊர் அபாஷிரி. ஹொக்கைடோ தீவின் வடகிழக்கு ஓரம், ஒகோட்ஸ்க் கடற்கரை. அட்சரேகை 44 டிகிரி. இத்தாலியின் ஜெனோவாவும் ஏறக்குறைய இதே அட்சரேகைதான். அங்கே கடல் உறைவதில்லை. இங்கே உறைந்த கடல் வந்து சேர்வதற்குக் காரணம் ஆமூர் ஆறு. அது வடக்கே நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுவதால் கடலின் மேலே சுமார் 50 மீட்டருக்கு உப்புக் குறைவு, கீழே உப்பு மிகுந்த கனமான நீர். குளிர்ந்த நீர் அந்த மேலடுக்குக்குள்ளேயே சுழல்கிறது, அடிவரை இறங்குவதில்லை. ஆகவே சீக்கிரம் உறைகிறது. உறைந்த கட்டிகளைக் காற்றும் நீரோட்டமும் சகாலின் தீவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே தள்ளிக்கொண்டு வருகின்றன. ஜனவரி கடைசிவாக்கில் அபாஷிரி. மார்ச் வரை இருக்கும். ஜப்பானியர் இதற்கு வைத்த பெயர் ர்யூஹ்யோ, அதாவது ஓடும் பனிக்கட்டி. சந்தேகம் இருப்பின் கேட்கவும்.

முரளி: 'மேலும் படிக்க' என்று வந்தது. படிக்கவில்லை.

பிரபு: மாமா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அம்மாவின் முழங்கால்.

சுந்தரம்: மேற்கண்ட செய்தியில் முழங்கால் பற்றி எதுவும் இல்லை.

பிரபு: அதைத்தான் சொல்கிறேன்.

மீனா: ஏப்ரலில் போகக் கூடாதா? செர்ரிப் பூ பார்க்கலாமே. எல்லோரும் அதற்குத்தானே போகிறார்கள்.

கீதா: எங்கள் பக்கம் அது மே மாதம்தான் பூக்கும், அக்கா. அப்போது கடலில் பனிக்கட்டி இருக்காது.

ராஜம்: பூ இங்கேயே இருக்கிறது. வாசலில் செம்பருத்தி பறிக்க ஆள் இல்லை. நான் உறைந்த கடலைப் பார்க்கத்தான் வருகிறேன். அதன்மேல் நிற்க முடியுமா, கீதா?

கீதா: தனியாக இறங்கவே கூடாது, அத்தை. உடோரோ என்ற இடத்தில் வழிகாட்டியோடு அழைத்துப் போகிறார்கள். தண்ணீர் புகாத முழு உடை ஒன்றை மாட்டிவிடுவார்கள். பார்க்க விண்வெளிக்குப் போகிறவர்கள் போல இருக்கும்.

ராஜம்: புடவைக்கு மேல் மாட்டலாமா?

முரளி: மாட்டலாம் அக்கா, கொசுவத்தை மட்டும் வெளியே தொங்கவிடு.

பிரபு: அம்மா, நீங்கள் கப்பலில் போனால் போதும்.

கீதா: கப்பல்தான் எங்கள் திட்டமும். அபாஷிரியிலிருந்து 'அரோரா'. முன்பகுதி பனிக்கட்டியின் மேல் ஏறி, தன் எடையாலேயே நசுக்கிக்கொண்டு போகும். சுமார் ஒரு மணி நேரம். உள்ளே வெதுவெதுப்பாக உட்கார்ந்துகொண்டு கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். மொன்பெட்சு என்ற ஊரிலிருந்து 'கரிங்கோ' என்று இன்னொன்று; அதன் முன்னால் இரண்டு பெரிய திருகாணிகள் சுழன்று பனிக்கட்டியைக் குடைந்துகொண்டே போகும்.

சுந்தரம்: கரிங்கோ வேண்டாம். மொன்பெட்சுவுக்கு இப்போது ரயில் இல்லை.

முரளி: அதோடு தீர்ந்தது. ரயில் இல்லாத ஊருக்கு அண்ணா போகமாட்டார்.

ராஜம்: ரயிலும் பஸ்ஸும் என்னை ஏற்றிக்கொண்டு போனால் சரி. 1996இல் கொடைக்கானலில் நடந்ததை நான் மறக்கவில்லை.

சுந்தரம்: பஸ் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டது.

ராஜம்: நான் உனக்குத்தான் பேரிக்காய் வாங்கப் போயிருந்தேன்.

பிரபு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி: பார்த்துவிட்டேன். கொச்சையாக எழுதினாய். தாத்தா போட்ட விதி, பத்து ரூபாய்.

பிரபு: அந்த அபராதப் பணம் இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ராஜம்: கீதா, அங்கே குளிர் எவ்வளவு?

காலை 9:25
கீதா: அபாஷிரியில் பிப்ரவரி இரவில் மைனஸ் பத்தை ஒட்டிப் போகும். நான் இருக்கும் கிடாமி கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் இன்னும் மோசம், சில நாள் மைனஸ் இருபது. பயப்பட வேண்டாம். வீட்டுக்குள் சட்டையோடு இருக்கலாம். காலணிக்கு அடியில் மாட்டும் முள் பட்டை கடையிலேயே கிடைக்கும். 'கைரோ' என்று சூடு தரும் சிறு பைகள் இருக்கின்றன, உள்சட்டையின்மேல் ஒட்டிக்கொள்ளலாம். வெறும் தோலில் ஒட்டினால் சுட்டுவிடும்.

லலிதா: சாப்பாடு?

கீதா: அதுதான் சிரமம். புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் சைவமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் உலர்ந்த மீனில் கொதித்த தண்ணீர்தான். இரவு தங்குவது என் அறையில்தானே, சமைத்துக்கொள்ளலாம்.

லலிதா: சின்ன மின்சாரக் குக்கரை எடுத்து வருகிறேன். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கறிவேப்பிலை.

கீதா: குக்கர் வேண்டாம் அம்மா, இங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் குக்கர் சரியாகச் சூடாகாது. கறிவேப்பிலையும் கூடாது. பச்சை இலைக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

லலிதா: கறிவேப்பிலைக்குச் சான்றிதழா?

ராஜம்: காயவைத்துப் பொடியாக்கிவிடு.

புவனா: பருப்புப்பொடியோடு சேர்த்து அரைத்துவிடுங்கள் அக்கா. நான் அப்படித்தான் துபாய்க்கு அனுப்புகிறேன்.

ராஜம்: புவனா, உன் பருப்புப்பொடியில் பூண்டு போடுகிறாயா?

புவனா: நான்கு பல்.

ராஜம்: அம்மா போடமாட்டாள்.

(இதன் பிறகு பூண்டு பற்றி 31 செய்திகள்)

மதியம் 1:40
சுந்தரம்: பூண்டு முடிந்துவிட்டதாகக் கருதித் தொடர்கிறேன். இரண்டாம் நாள் சிறை அருங்காட்சியகம். அபாஷிரிச் சிறை 1890இல் தொடங்கியது. மறுவருடமே கைதிகளைக் கொண்டு காட்டை வெட்டிச் சாலை போட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். இன்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அதை அறிந்துகொண்டு போக வேண்டும். 1912இல் கட்டிய மரச் சிறைக்கூடம் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நடுவில் ஒரு காவலர் நின்றால் ஐந்து நடைகளும் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருந்து ஐந்து தண்டவாளத்தைப் பார்ப்பது போல. 1984 வரை கைதிகள் இருந்தார்கள். இப்போது அதை வேறிடத்தில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

லலிதா: கடனை வாங்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறவர் இவர் ஒருவர்தான்.

கீதா: அம்மா, அங்கே ஒரு கதை உங்களுக்குப் பிடிக்கும். ஷிராடோரி என்ற கைதி 1944இல் அங்கிருந்து தப்பினான். தினமும் கொடுத்த மிசோ சூப்பை இரும்பின்மேல் துப்பித் துப்பி, உப்பால் துருப்பிடிக்க வைத்தே கழற்றினான் என்று சொல்கிறார்கள். கூரையில் தொற்றிக்கொண்டு ஓடுவது போல ஒரு பொம்மை இருக்கிறது. நிமிர்ந்து பார்க்காவிட்டால் தவறிவிடும்.

முரளி: அண்ணியின் ரசத்தைக் கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் வெளியே வந்திருப்பான்.

லலிதா: அந்த ரசத்தை எட்டு வருடம் வாளியில் வாங்கிக்கொண்டு போன வீடு எது என்று இங்கே எழுதட்டுமா?

புவனா: 🙏

மாலை 4:15
முரளி: அண்ணா, ஒன்று கேட்கிறேன். கோபப்படக் கூடாது. 14ஆம் தேதி அப்பாவின் திதி. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ராஜம்: ஐயோ.

பிரபு: நான் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

மீனா: நீங்கள் சொல்லவே இல்லை.

முரளி: மூத்தவர் பனிக்கட்டி பார்க்கப் போய்விட்டார், இளையவன் மட்டும் எள்ளும் தண்ணீரும் விட்டான் என்று ஊர் பேசட்டுமா?

சுந்தரம்: போன வருடம் நீ கோவாவில் இருந்தாய்.

முரளி: அலுவலக வேலை.

சுந்தரம்: புகைப்படத்தில் கோப்பு எதுவும் தெரியவில்லை.

கீதா: ஒன்பது நாள் தள்ளலாமா? 18இலிருந்து 25 வரை. அப்போதும் பனிக்கட்டி இருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் எனக்கு ஆய்வறிக்கை சமர்ப்பிக்கும் வேலை. இரண்டு நாள்தான் கூட வர முடியும். இன்னொன்று, தென்காற்று ஒரே இரவில் எல்லாவற்றையும் ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும். எந்தத் தேதிக்கும் உத்தரவாதம் இல்லை.

பிரபு: அவ்வளவு தூரம் போய் வெறும் கடலைப் பார்த்தால்?

ராஜம்: கன்னியாகுமரியிலும் மேகம் மறைத்தது. திரும்பி வந்து இட்லி சாப்பிட்டோம்.

கீதா: கடலில் இல்லாவிட்டாலும் டென்டோ மலைமேல் இருக்கும் காட்சியகத்தில் மைனஸ் 15 டிகிரி அறை ஒன்று உண்டு, அத்தை. அசல் கடல் பனிக்கட்டியை உள்ளே வைத்திருக்கிறார்கள், கையால் தொடலாம். ஈரத் துண்டு ஒன்று கொடுப்பார்கள். சுழற்றினால் குச்சி போல விறைத்துவிடும். ஆனால் நான் காட்ட நினைப்பது அதை அல்ல. போன பிப்ரவரியில் கிடஹாமா ஸ்டேஷனில் இறங்கினேன். பிளாட்பாரத்தை ஒட்டியே கடல். கரைவரை வெள்ளை அடைத்து நிற்கிறது. ஏதோ குறைகிறதே என்று கொஞ்ச நேரம் நின்றேன். அலைச்சத்தம் இல்லை, அத்தை. கடற்கரையில் நிற்கிறேன், அலையே இல்லை. எப்போதாவது தூரத்தில் ஒரு முனகல், கட்டியும் கட்டியும் உரசுவது. அவ்வளவுதான்.

ராஜம்: 9ஆம் தேதியே போகலாம்.

முரளி: அக்கா!

சுந்தரம்: கிடஹாமா பற்றிக் கூடுதல் தகவல். சென்மோ பாதை, அபாஷிரிக்குக் கிழக்கே. ஒகோட்ஸ்க் கடலுக்கு மிக அருகிலுள்ள ஸ்டேஷன். பணியாளர் கிடையாது. மரக் கட்டடம். பயணிகள் தங்கள் டிக்கெட்டையும் பெயர் அட்டையையும் உள்சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்; சுவர் தெரியாத அளவுக்கு. ஷாரி நோக்கிப் போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்கார வேண்டும், கடல் அந்தப் பக்கம். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், அதுவும் பல வேளை ஒற்றைப் பெட்டி. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அக்கா கவனிக்கவும்.

ராஜம்: பேரிக்காய் வாங்கமாட்டேன்.

லலிதா: இவர் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் அந்தச் சுவர்தான். இப்போதே அட்டை டிக்கெட்டை எடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டார்.

முரளி: எந்த அட்டை டிக்கெட்?

லலிதா: மாமாவுடையது. மண்டபம் ரயில் டிக்கெட்.

பிரபு: தாத்தாவிடமே டிக்கெட் கேட்டு வாங்கினாரே, அதுவா?

மீனா: என்ன கதை?

ராஜம்: 1991. சுந்தரத்துக்கு மண்டபம் ஸ்டேஷனில் வேலை. அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பார்க்கப் போயிருக்கிறார். வண்டியை விட்டு இறங்கி, மகனைக் கண்டதும் வாய்கொள்ளாச் சிரிப்பு. இவன் கையை நீட்டி, 'டிக்கெட்' என்றான். நாலு பேர் பார்க்க.

சுந்தரம்: விதி.

முரளி: வாங்கிய டிக்கெட்டைக் கணக்கோடு மேலே அனுப்ப வேண்டும் என்பதும் விதிதான், அண்ணா. உங்களிடம் எப்படி இருக்கிறது?

(சுந்தரம் தட்டச்சு செய்கிறார்…)

முரளி: அது அப்பாவின் பெட்டியோடு என் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக.

லலிதா: இவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருந்தது.

முரளி: அதை யாரோ ஓர் ஊரில், யாரும் இல்லாத ஸ்டேஷன் சுவரில் ஒட்டிவிட்டு வருவதா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

சுந்தரம்: அப்பாவுக்கு ராமேசுவரத்துக்கு அப்பால் தண்டவாளம் முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எனக்கு அன்றைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மறுநாள் காலை வண்டியில் திரும்பிப் போய்விட்டார்.

இரவு 8:05
கீதா: இன்னும் மூன்றரை மணி நேரம்தான் இருக்கிறது.

புவனா: என் கணவர் மொட்டைமாடிக்குப் போய்விட்டார். போனை இங்கேயே வைத்திருக்கிறார்.

பிரபு: அம்மாவின் முழங்காலுக்கு மருத்துவரைக் கேட்டேன். குளிரில் அதிகம் நடக்க வேண்டாம் என்றார். ஜப்பான் என்று நான் சொல்லவில்லை, ஊட்டி என்று சொன்னேன்.

ராஜம்: நல்ல பிள்ளை.

மீனா: கீதா, கைரோவை நம் ஊருக்கும் வாங்கி அனுப்ப முடியுமா? என் அப்பாவின் முதுகு வலிக்கு.

கீதா: முடியும். முதலில் தேதி.

இரவு 10:20
முரளி: திதியை நான் செய்துகொள்கிறேன். வாத்தியாரிடம் பேசிவிட்டேன். அண்ணா திரும்பி வந்து வேண்டுமானால் ராமேசுவரம் போகட்டும்.

ராஜம்: அப்படியென்றால் 9ஆம் தேதி.

முரளி: டிக்கெட்டை ஒட்டக் கூடாது.

சுந்தரம்: நகல் எடுத்து ஒட்டலாம் என்று யோசிக்கிறேன்.

முரளி: நகலை எனக்குக் கொடுத்துவிட்டு அசலை நீங்கள் வைத்துக்கொள்வீர்கள்.

சுந்தரம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி: படித்துவிட்டேன்.

லலிதா: நான் படிக்கவில்லையே, என்ன எழுதினார்?

முரளி: ஒன்றுமில்லை, அண்ணி. என் கம்பளிக் கோட்டைக் கேட்கிறார். போன முறை கொடைக்கானலுக்குக் கொடுத்தது பூச்சி அரித்து வந்தது.

ராஜம்: லலிதா, புளிக்காய்ச்சல் எத்தனை பாட்டில்?

கீதா: அப்பா, 9ஆம் தேதிதானே? பணம் கட்டிவிடட்டுமா?

கீதா: அப்பா?

லலிதா: தூங்கிவிட்டார். போன் அவர் மார்பின்மேல் இருக்கிறது.