மை பூசின தாள்ல பிளீச் வச்சு மையை வெளுத்துப் படம் போட்டவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மாதுங்கா கோலம்:
குவிங்க்னு வர்ற ஃபவுண்டன் பேனா கருப்பு மையை, படம் வரையுற கார்ட்ரிட்ஜ் தாள் முழுக்கப் பூசிக் காயவிட்டேன். வெள்ளைத் துணிக்குப் போடுற ஆலா பிளீச்சுல பாதிக்குப் பாதி தண்ணி. தீக்குச்சி முனையால சிக்குக் கோலம். குச்சி போன வழியில கருப்பு பழுப்பாச்சு, பார்த்துக்கிட்டே இருக்கப் பொன் மஞ்சளாச்சு! வெள்ளை வரும்னுதான் நினைச்சேன். கருப்புக்குள்ள இந்த மஞ்சள் எங்க இருந்துச்சு? இன்னொண்ணு, மழைக்காலம் முடிஞ்சு எடுத்தா, தாள் கோட்டு வழியாவே கிழியுது.

செம்பூர் தம்பி:
அக்கா, எல்லாக் கருப்பும் இப்படி விடாது. புடவை கட்டின ஒரு அம்மாவை இந்தியன் இங்க்ல வரைஞ்சு, புடவைக்குப் போட்டோ கலர், அதான் போட்டோவுக்குத் தீட்டுற சாயம், அதுல சிவப்பு அடிச்சிருந்தேன். மேல பிளீச் தடவினதும் சிவப்பு மொத்தமா போயிடுச்சு. கருப்புக் கோடு அசையவே இல்ல. அது விளக்குக்கரி, பிளீச்சுக்கு மசியாது. நிறமே இல்லாம நின்ன அந்தப் புடவை இன்னும் கண்ணுலயே இருக்கு. தாள் கிழியாம இருக்க வினிகர் தடவுங்க, பிளீச் வேலை நின்னுடும்.

ஃபோர்ட் டார்க்ரூம்:
வினிகர் வேண்டவே வேண்டாம் தம்பி! பிளீச்சோட அமிலம் சேர்ந்தா குளோரின் வாயு. நம்ம மும்பை வீட்டுல ஜன்னல் எத்தனை இருக்கு? அமோனியா கலந்த கிளீனரும் கிட்ட வரக்கூடாது. என் கதை சின்னது: அணில் முடி பிரஷை பிளீச்சுல முக்கினேன், நுனி முடி கொழகொழன்னு கரைஞ்சு தாள்லயே ஒட்டிக்கிச்சு. முடி புரதம், பிளீச் அதைத் தின்னுடும். நைலான் பிரஷ் வாங்குங்க, இல்ல கோலம் போட்ட மாதுங்கா அம்மா மாதிரி குச்சி. கையில உறை போடுங்க. வேணுங்கிற நிறம் வந்ததும் நல்ல தண்ணியில அலசுங்க. அப்புறம் ஹைப்போ, அதான் போட்டோ கழுவுற சோடியம் தையோசல்ஃபேட், கொஞ்சமா கரைச்சு அதுல நனைச்சு மறுபடி அலசுங்க. மிச்சமிருக்கிற பிளீச்சை அது முறிச்சிடும். அலசாம விட்டா பிளீச் தாளோட நாரையே அரிக்கும். கோடு கிழியுறது அதனாலதான். கனமான வாட்டர்கலர் தாள் இத்தனை அலசலையும் தாங்கும்.

மாதுங்கா கோலம்:
அலசுறது சரி சார். மஞ்சளுக்கு யாரும் பதில் சொல்லலையே?

செம்பூர் தம்பி:
வினிகர் விஷயம் சார் சொன்னதே சரி, யாரும் செய்யாதீங்க. மஞ்சளுக்கு வர்றேன் அக்கா. அந்தக் கருப்பு ஒரே சாயம் இல்ல, பல சாயம் சேர்ந்தது. நீலம், சிவப்புப் பக்கத்துச் சாயம் முதல்ல சிதையும், மஞ்சள் கொஞ்சம் பிடிச்சு நிக்கும். வடிதாள்ல ஒரு சொட்டு மை விட்டு, நடுவுல தண்ணி சொட்டிப் பாருங்க, வளையம் வளையமா பிரியும்.